கழற்றி வைத்த சப்பாத்துகள்: வன்னிக் கிராமமொன்றில் நான்கு விளையாட்டுப் படங்கள்

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே எங்கள் விளையாட்டுக் கழகத்தின் மைதானம் இருக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சனசமூக நிலையம். மாரியில் பாதி சேறு, கோடையில் முழுக்க நெருஞ்சி. அங்கே 13 முதல் 17 வயது வரையான 16 பெண்பிள்ளைகள் உதைபந்தாட்டம் பழகுகிறார்கள். பழக்குபவர் ஊர்க்காரி. பகலில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பஸ்ஸால் இறங்கினால் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்குத்தான் வருவார். பிள்ளைகளுக்கு அவர் 'அக்கா'. இங்கேயும் அப்படியே சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கழகத்துக்கு வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாம் என் பொறுப்பு. வெளியிலிருந்து வருபவர்களோடு முதலில் பேசுவதும் நான்தான். அதனால் கீழே சொல்லப்போவதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குப் பந்துகளும் வலையும் தந்தது. வெளிநாட்டுத் தம்பி ஒருவரை 9 நாள் பயிற்சிக்கும் அனுப்பியது. நல்ல பிள்ளை. பந்தைக் காலில் வாங்குமுன் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததை எங்கள் பிள்ளைகள் இன்றும் செய்கிறார்கள். கடைசி நாள் படப்பிடிப்புக்கு ஆட்கள் வந்தார்கள். கமராக்காரர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: சப்பாத்தில்லாமல் ஒருக்கால் ஓடினால் நல்லாயிருக்கும். நான் அதைத் தமிழில் சொன்னேன். "கழட்டுங்கோ பிள்ளையள், ஒருக்கால்தானாம்."

அந்தச் சப்பாத்துகளை அக்கா சீட்டுக் கட்டி எடுத்த காசில் கிளிநொச்சியில் வாங்கினவர். வளர்கிற கால்கள் என்று ஓரளவு பெரிதாகவே எடுத்திருந்தார். அதனால் நுனியில் பேப்பர் சுருட்டி அடைத்திருக்கும். பிள்ளைகள் வாய்க்கால் வரம்பில் வரிசையாகக் கழற்றி வைத்தார்கள். கோல் காக்கிற பிள்ளை காலுறையைச் சப்பாத்துக்குள்ளே செருகி, நாய் இழுத்துக்கொண்டு போகாதபடி இரண்டு நாடாவையும் ஒன்றாக முடிந்து வைத்தாள். பிறகு ஓடினார்கள். மூன்றாம் ஓட்டத்தில் ஒருத்தி நின்று, ஒற்றைக்காலில் சாய்ந்து, குதிக்காலில் ஏறிய நெருஞ்சியைப் பிடுங்கினாள். கமரா அதையும் கிட்டப் போய் எடுத்தது.

வந்த காணொளி 2 நிமிடம் 40 செக்கன். வெறுங்கால் மெதுவாக மண்ணில் பதிகிறது, புழுதி எழும்புகிறது, பொழுது சாய்கிறது. போர் முடிந்த மண்ணில் எதுவுமில்லாதிருந்த பிள்ளைகளுக்கு ஒரு பந்து வந்தது என்று ஆங்கிலக் குரல் சொல்கிறது. வெளிநாட்டுத் தம்பி சிரிக்கிறார். அக்கா ஒரேயொரு இடத்தில் வருகிறார், தண்ணீர்ப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. பிள்ளைகள் என் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் ஆடுகிற பிள்ளை கேட்டாள்:

"ரீச்சர், இதில அக்கா ஆர்?"

பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அடுத்த சித்திரை விடுமுறையில் நான்கு சனிக்கிழமை இரவுகளில் நான்கு படங்களைப் போட்டுப் பார்த்தது இந்தக் கேள்வியால்தான். தூர தேசத்து மக்களை வைத்து ஊக்கமூட்டும் விளையாட்டுப் படம் எடுக்கிறவர்கள் அந்த மக்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே பார்க்கட்டும் என்று நினைத்தேன். சனசமூக நிலையச் சுவரில் வெள்ளைச் சீலை, பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டர், கோயிலில் இரவல் வாங்கிய ஸ்பீக்கர். தமிழ் எழுத்து ஓடாத படங்களுக்கு நான் மைக்கில் கூடவே மொழிபெயர்த்தேன். அணிப் பிள்ளைகளோடு தாய்மார், தம்பிமார், அப்பப்பாமார் என்று ஊரும் வந்தது. படம் முடிந்ததும் பாயிலேயே இருந்து பேசுவோம், நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

முதல் இரவு: பனி

முதலில் போட்டது 'கூல் ரன்னிங்ஸ்'. 1993 இல் டிஸ்னி எடுத்த படம். அந்த ஆண்டில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பேற்றரிகூட வராது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியை யாராவது கையால் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்ட காலம். அதைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, இந்தப் பிள்ளைகள் ஜமைக்காவைப் பார்த்ததைவிட அதிசயமாகப் பார்த்தார்கள்.

கதை தெரிந்ததுதான். பனியே விழாத ஜமைக்காவிலிருந்து நான்கு பேர் 1988 கல்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்கு பொப்ஸ்லெட் எனும் பனிச்சறுக்கு வண்டியோடு போகிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், மற்ற நாட்டு அணிகள் விரட்டுகின்றன, மனமுடைந்துபோயிருந்த ஒரு வெள்ளைக்காரப் பயிற்றுநர் அவர்களை ஆளாக்குகிறார். கடைசியில் வண்டி கவிழ்கிறது. அதைத் தோளில் சுமந்துகொண்டு எல்லைக்கோட்டைக் கடக்கிறார்கள். எங்கள் மைதானத்தில் அந்த இடத்துக்குக் கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். கண்ணும் கலங்கியது.

பிறகு உண்மையில் நடந்ததைச் சொன்னேன். அணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜமைக்கா இராணுவத்தைச் சேர்ந்தவர்கள். டட்லி ஸ்ரோக்ஸ் ஹெலிகொப்டர் ஓட்டுபவர். டெவன் ஹரிஸ் இங்கிலாந்தின் சான்ட்ஹேர்ஸ்ற் இராணுவக் கல்லூரியில் பயின்ற அதிகாரி. படத்தில் வரும் நான்கு பெயர்களும், அந்தப் பயிற்றுநரும் கற்பனை. மற்ற அணிகள் விரட்டவில்லை, உதவினார்கள். வண்டி கவிழ்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் அதைச் சுமக்கவில்லை, பக்கத்தில் நடந்து வந்தார்கள். படம் வந்த மறு ஆண்டு, 1994 இல், லில்லஹம்மரில் ஜமைக்காவின் நால்வர் அணி 14 ஆவது இடத்துக்கு வந்தது. அமெரிக்காகூட அவர்களுக்குப் பின்னால்தான். நடித்த நால்வரில் ஒருவர்கூட ஜமைக்காவில் பிறந்தவரில்லை.

"அப்ப அவையள் ஆமிக்காரரே?" என்றது ஒரு குரல். வன்னியில் அந்தச் சொல் விழுந்தால் ஒரு கணம் காற்று நிற்கும். நின்றது. பிறகு 15 வயதுப் பிள்ளை ஒருத்தி, யோசித்து யோசித்துச் சொன்னாள்: "ஆமி எண்டு காட்டினா பாவமா இருக்காது ரீச்சர். பாவமா இருந்தாத்தானே நாங்கள் அழுவம்."

என் கொப்பியில் அன்று இரண்டு கோடு போட்டது இந்த வரிக்குத்தான். படம் எடுத்தவர்களுக்கு ஜமைக்காமீது வெறுப்பில்லை. கொள்ளை ஆசை இருந்திருக்கிறது. அந்த இசையும் நிறமும் வெயிலும் ஆசைப்பட்டு எடுத்தவை. சுவிஸ் அணியைப் பார்த்து அதைப்போலவே ஆட முயலும் தலைவனிடம், நாங்கள் எங்களைப்போல நடக்கிறோம், எங்களைப்போல பேசுகிறோம், சறுக்குவதும் எங்களைப்போலத்தான் இருக்கவேண்டும் என்று தோழன் சண்டைபிடிக்கும் இடம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பயிற்சி பெற்ற அதிகாரிகளைக் கடற்கரைப் பெடியன்களாக்காமல் அந்த ஆசையைக் காட்ட ஹொலிவூட்டுக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததை முதலில் கழற்றி வரம்பில் வைத்தால்தான் வெளியிலிருந்து வருபவர் எதையாவது கொடுக்க முடியும்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. கோல் காக்கிற பிள்ளை வீட்டுக்குப் போகுமுன் என்னிடம் வந்து, "கோச் கதைக்கிறதை நீங்கள் புத்தகத் தமிழில சொன்னீங்கள். மற்றவையள் கதைக்கிறதை எங்கட மாதிரிச் சொன்னீங்கள்" என்றாள். குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. கவனித்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தேன், உண்மை. வெள்ளைக்காரர் பேசினால் என் வாயில் செந்தமிழ் வந்திருக்கிறது. ஜமைக்காக்காரர் பேசினால் வயற்கரைப் பேச்சு வந்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டு வந்த 'தெனாலி'யில் எங்கள் பேச்சு சிரிப்புக்கு வைக்கப்பட்டதென்று மனவருத்தப்பட்டவள் நான். எது உயர்ந்த பேச்சு, எது சிரிப்புக்குரிய பேச்சு என்ற வரிசை என் நாக்கிலும் ஊறிக் கிடந்திருக்கிறது. அடுத்த வாரம் எல்லாரையும் எங்கள் பேச்சிலேயே பேசவைத்தேன். அடுத்த படத்தில் பயிற்றுநராக நடித்த கெவின் கொஸ்ட்னர் "என்னடாப்பா செய்யிறியள்?" என்று கேட்டார். ஊர் சிரித்தது, பத்து நிமிடத்தில் பழகிவிட்டது.

இரண்டாம் இரவு: தோட்டம்

அது 'மக்ஃபார்லண்ட், யூ.எஸ்.ஏ.', 2015, அதுவும் டிஸ்னிதான். கலிபோர்னியாவில் தோட்டக்கூலிகளாக வாழும் மெக்சிக்கோ வழிக் குடும்பங்கள். பிள்ளைகள் விடியமுன் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, பள்ளிக்கூடம் போய், பிறகு ஓடுகிறார்கள். 1987 இல் மாநிலச் சம்பியன் ஆகிறார்கள். குனிந்து குனிந்து கோவா வெட்டும் காட்சியில் என் பக்கத்தில் இருந்த ஒரு தாய் தன் இடுப்பைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். களை பிடுங்கப் போகிறவர். அந்தக் குடும்பங்கள் சாப்பாட்டுக்கு இருக்கும் விதம், பயிற்றுநரின் மகளுக்கு 15 வயது நிறைந்ததைத் தங்கள் முறைப்படி கொண்டாடிக் கொடுக்கும் விதம் எல்லாம் மரியாதையோடு எடுக்கப்பட்டிருந்தன. "எங்கட சாமத்தியவீடு மாதிரி" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் படத்தைவிட இது நெருக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஆனால் படத்தில் பயிற்றுநர் ஜிம் வைற் 1987 இல்தான் அந்த ஊருக்கு வருகிறார். வந்த அன்று மெக்சிக்கோக்காரரைக் கண்டு குடும்பமே பயப்படுகிறது. உண்மையான ஜிம் வைற் அங்கே படிப்பிக்க வந்தது 1964 இல். ஓட்ட அணி தொடங்கியது 1980 இல். இதைச் சொன்னதும் அதுவரை வாய்திறக்காமல் இருந்த அக்கா கேட்டார்: "23 வருசம் ஊரில இருந்த மனுசனை ஏன் புதுசா வந்தவராக்கினவை?"

வெள்ளைக்காரரின் உழைப்பையும் இந்த வகைப் படம் தேய்த்துவிடும் என்பது அக்கா சொல்லும்வரை என் மனதில் படவில்லை. 23 ஆண்டு ஒரே ஊரில் இருந்து, ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்து, ஏழு ஆண்டு பொறுமையாக அணி கட்டிய மனிதரின் கதை வேறு. பயந்து வந்தவர் ஓராண்டில் பாசம் வைக்கும் கதை வேறு. இரண்டாவது கதை பார்ப்பவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும், ஏனென்றால் பார்ப்பவரும் அந்த ஊருக்குப் புதியவர். மக்ஃபார்லண்ட் தெரியாத அமெரிக்கனுக்காகத்தான் ஜிம் வைற் தனக்குத் தெரிந்த ஊரை மறக்கவேண்டி வந்தது. எங்களிடம் வந்த தம்பியின் 9 நாளை முன்னே வைத்து, அக்காவின் ஆண்டுகளைப் பின்னே தள்ளியதும் இதே கணக்கில்தான் என்று இப்போது நினைக்கிறேன். கமரா பார்ப்பவனின் நாட்டிலிருந்து கிளம்பி வருகிறது. அது முதலில் கண்டுகொள்வது கூட வந்தவரைத்தான்.

மூன்றாம் இரவு: சதுரங்கம்

'குயீன் ஒஃப் கட்வே'யும் டிஸ்னி படம், 2016. இதை வேண்டுமென்றே மூன்றாவதாக வைத்தேன். இயக்கிய மீரா நாயர் ஒடிசாவில் பிறந்தவர், உகண்டாவின் கம்பாலாவில் வீடு கொண்டவர். கட்வே அந்த நகரத்தின் சேரி. சோளம் விற்கும் சிறுமி ஃபியோனா முட்டேசி சதுரங்கம் கற்று, 2010 இல் ரஷ்யாவில் நடந்த ஒலிம்பியாட் வரை போகிறாள். கற்றுக்கொடுக்கும் ரொபேர்ட் கட்டெண்டேயும் உகண்டாக்காரர்தான், வறுமையில் வளர்ந்தவர்.

இதில் விமானத்தில் வந்திறங்கும் மீட்பர் எவரும் இல்லை. அதனால் அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிற மேடுபள்ளம் கண்ணுக்குப் படுகிறது. கட்வேப் பிள்ளைகள் பணக்காரப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டிக்குப் போகும்போது அவர்களை அந்நியராகப் பார்ப்பது அதே நாட்டுப் பிள்ளைகள்தான். மாவட்டப் போட்டிக்குப் போய் வந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. வீட்டை இழந்து, பிள்ளைகளோடு அலைந்து, மகளின் ஆட்டத்தைச் சந்தேகித்து, பிறகு அவளுக்காகவே சண்டைபிடிக்கும் தாய் ஹரியற்றைப் பார்த்துத் தாய்மார் எவரும் அழவில்லை. "சரியாத்தான் செய்யிறாள்", "வாடகைக்காரனை விட்டிருக்கக்கூடாது" என்று ஆளுக்காள் அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருத்தியைப் பாவம் பார்ப்பதற்கும் அவளோடு வாதாடுவதற்கும் உள்ள தூரத்தை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

படம் முடிந்து எழுத்து ஓடும்போது நடிகர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் நடித்த உண்மையான மனிதருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். அதைத் திருப்பிப் போடச் சொல்லி மூன்று தரம் பார்த்தார்கள். "இதில ஆர் ஆரெண்டு தெரியுது" என்றாள், காணொளி பார்த்த அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே பிள்ளை.

இந்தப் படத்திலும் குறை உண்டு. வெற்றி வந்தால் வீடு வரும், வீடு வந்தால் கதை முடியும் என்ற வாய்ப்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் பணம் போட்டது அதே நிறுவனம்தான். மாறியது, யார் அந்த ஊரில் காலூன்றி நின்று எடுத்தார்கள் என்பது.

நான்காம் இரவு: ஒரு சொல்

'மச்சான்' 2008 இல் வந்தது. இத்தாலியரான உபேர்ட்டோ பசோலினி இயக்கினார், எங்கள் நாட்டு நாடகக்காரி ருவந்தி டி சிக்கேரா அவரோடு சேர்ந்து எழுதினார். 2004 இல் இலங்கைத் தேசிய ஹான்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனிக்குப் போய், ஆடித் தோற்று, பிறகு அணியோடு மறைந்ததுதான் மூலக்கதை. விளையாட்டு வீரரே இல்லாதவர்கள் விசாவுக்காக அணியாகிறார்கள். ஊக்கமூட்டும் வகையில் இதைச் சேர்ப்பது சரியா என்று ஒருவர் கேட்கலாம். நான் சேர்த்தேன். ஏனென்றால் இதில் வருபவர்களுக்கு எல்லாம் தெரியும். எந்தத் தூதரகம் எதைக் கேட்கும், எந்த அழைப்பிதழுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று தெரியும். ஏழை நாட்டு அணி வந்தால் பணக்கார நாடு மனமிரங்கும் என்பதும் தெரியும். எங்களூரில் படகேறியவர்களின் வீடுகள் இருக்கின்றன. சிரிப்பு வெடித்த இடங்களிலெல்லாம் ஒரு பெருமூச்சும் கேட்டது.

செய்தி அறிவிப்புப் போன்ற ஓரிடத்தில், அணி "காணாமற்போய்விட்டது" என்று மொழிபெயர்க்க வாயெடுத்தேன். பாயில் முன்னுக்கு இருந்த அம்மா ஒருவர், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் மகனின் படத்தோடு இருந்தவர். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, "மாறிட்டினம்" என்றேன். அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். வேறொரு நாட்டில் சிரிக்கவைக்கும் சொல் இங்கே எதைத் தொடும் என்று எந்தத் திரைக்கதையும் அறிந்திருக்காது. அன்று படத்துக்குப் பிறகு நீண்ட பேச்சு எதுவும் நடக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம்.

நான்கு இரவுகளுக்குப் பிறகு

போடாத ஒரு படத்தையும் சொல்லவேண்டும். 2014 இல் வந்த 'மில்லியன் டொலர் ஆர்ம்', டிஸ்னிதான். உத்தரப் பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஈட்டி எறிபவர்கள். 2008 இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியால் அமெரிக்காவின் பேஸ்போல் அணியொன்றில் ஒப்பந்தமானார்கள். ஆனால் ஈட்டி எறிந்து எறிந்து வலுத்த தோள்களின் அறிவைவிட, அமெரிக்காவைப் பார்த்து வாய்பிளப்பதற்கும், அவர்களைக் கூட்டிப்போன அமெரிக்க முகவர் நல்ல மனிதராவதற்கும்தான் படத்தில் இடம் கிடைத்தது. தினேஷாக நடித்த மதுர் மிட்டல்தான் 2023 இல் முத்தையா முரளிதரனின் கதையான '800' இல் முரளியாக நடித்தார். அதைப் போடச் சொல்லிப் பெடியன்கள் கேட்டார்கள். கண்டியில் பிறந்த மலையகத் தமிழரை ஆக்ராவில் பிறந்தவர் நடிக்கலாமா என்று தொடங்கி, வன்னியில் அந்தப் படம் கிளப்பும் மற்ற வாதங்களுக்கெல்லாம் ஓரிரவு போதாது. அது தனியாகச் செய்யவேண்டிய வேலை.

எங்கள் மாவட்டங்களிலேயே வேறுவிதக் கதை நடந்திருக்கிறது. 2023 நவம்பரில் முள்ளியவளையைச் சேர்ந்த, எழுபது வயது கடந்த அகிலத்திருநாயகி பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கத்தோடு திரும்பினார். இளவயதிலிருந்தே ஓடியவர். அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர் ஓடிக்கொண்டேயிருந்தார். அவர் கதையை வெளியார் படமாக்க வந்தால் எதைக் கழற்றச் சொல்வார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "வயசைக் கழட்டமாட்டினம், அது பாவமா இருக்கும். முந்தி வெண்டதைக் கழட்டுவினம்" என்றாள் ஒருத்தி.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். காணொளியில் அக்காவின் பெயரைப் பயிற்றுநர் என்று போடும்படியும், வெறுங்கால் காட்சியை எடுத்துவிடும்படியும் கேட்டேன். பெயர் போட்டார்கள். கால் அப்படியே இருக்கிறது. அன்று 'கழட்டுங்கோ' என்று சொன்ன குரல் என்னுடையது என்பதால், கடிதத்தில் அதையும் எழுதினேன். மொழிபெயர்ப்பவள் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஏன், எதற்கு, சப்பாத்தோடு ஓடினால் என்ன குறை என்று கேட்க எனக்கு ஆங்கிலம் இருந்தது. இப்போது யார் கமராவோடு வந்தாலும் என்ன காட்டப்போகிறீர்கள் என்று எழுத்தில் கேட்கிறோம், பிள்ளைகள் அதை வாசித்துச் சரி என்ற பிறகுதான் படமெடுக்க விடுகிறோம். இருவர் திரும்பிப் போய்விட்டார்கள். ஒருவர் இருந்து, பிள்ளைகளோடு பேசி, நன்றாகவே எடுத்தார்.

பிள்ளைகள் தாங்களும் ஒன்று எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கேயிருந்து தொடங்குவது என்பதில் மூன்று நாள் சண்டை. முதல் கோலிலிருந்து என்றார்கள் சிலர், சேற்றிலிருந்து என்றார்கள் வேறு சிலர். கடைசியில் பஸ்ஸிலிருந்து என்று முடிவானது. தொழிற்சாலை வாசலில் எடுக்க முடியாது, அக்காவுக்கு வேலை போய்விடும். ஆகவே எங்கள் பஸ் தரிப்பிடத்தில் போனை ஒரு வேலிக் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அன்று பஸ் பிந்தியது. 11 நிமிடம் வெறும் வீதி, ஒரு உழவு இயந்திரம், இரண்டு மாடு, ஓரத்தில் குந்தியிருக்கும் பிள்ளைகள். பிறகு பஸ் வந்து நிற்கிறது. அக்கா சாப்பாட்டுப் பையோடு இறங்குகிறார். போனை அவர் காணவில்லை.

"என்ன உதில குந்திக்கொண்டிருக்கிறியள்? ஓடி உடம்பைச் சூடாக்கியாச்சே?"

எல்லாரும் எழும்பி ஓடுகிறார்கள், சப்பாத்து நாடா கட்டியபடி ஒருத்தி பின்னால். போனை எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை. கடைசி நான்கு நிமிடமும் வீதிதான் தெரிகிறது, மைதானப் பக்கமிருந்து விசில் கேட்கிறது.